பாதியில் நின்ற சீலிங்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இந்த உறைக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கும். அழகான கையெழுத்தில் இருப்பது உங்கள் மனைவியுடையது. கோழி கிளறிவிட்டுப் போனது போல இருப்பது என்னுடையது. முதலில் அவளுடையதைப் படியுங்கள். அவசரப்பட்டு இதைப் பிரித்திருந்தால் இந்த வரியோடு மடித்து வைத்துவிடுங்கள். சேதியை நான் முந்திச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால் மேஸ்திரி என்னைச் சாரத்திலேயே கட்டித் தொங்கவிட்டுவிடுவாள். பெயிண்ட் வேலையைக் கற்றுக்கொடுத்த அப்பனையே வாளியைக் கொண்டா, ரோலரைக் கழுவு என்று ஏவுகிற மகளை மேஸ்திரி என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

படித்தாயிற்றா? சந்தோஷம். நீங்கள் அப்பா ஆகப்போகிறீர்கள், நான் தாத்தா ஆகப்போகிறேன். சுரங்கப்பாதை தோண்டுகிற அந்த மலைக்குப் போன் எட்டாதது ஒருவகையில் நல்லது. எட்டியிருந்தால் நான் உளறியே கெடுத்திருப்பேன்.

எனக்கு இது தெரியவந்த கதை வெட்கக்கேடு. ஒரு நாள் காலையில் வாளி மூடியைத் திறந்ததும் மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "பெயிண்ட் கெட்டுப்போச்சுப்பா, குடலைப் பிடுங்குது" என்றாள். நான் மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஆயுசு முழுக்கப் பெயிண்டில் ஊறிய மூக்கை நம்ப முடியுமா? வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரோடு சண்டை பிடித்தேன். அவர் மோந்தார், அவர் சம்சாரம் மோந்தார், ஆணி வாங்க வந்தவர் மோந்தார். ஒருத்தருக்கும் நாற்றம் தெரியவில்லை. "அண்ணே, சரக்கு நல்லாத்தான் இருக்கு. நீங்க வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க" என்று கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு வாளி வாங்காமல் நான் நகரவில்லை. மேஸ்திரி அதைத் திறந்தாள். அதற்கும் ஓடினாள்.

அதற்குப் பிறகாவது எனக்கு மண்டையில் உறைத்ததா? இல்லை. மத்தியானம் பெயிண்ட் சிந்தாமல் விரித்த தரைத்துணியில் சாய்ந்தால் நான் சுவரில் பட்டி தேய்க்கிற தூளெல்லாம் முகத்தில் விழுந்தாலும் அசையாமல் தூங்கினாள். சாரத்தில் ஏறுவாள், இறங்குவாள், பாத்ரூமுக்கு ஓடுவாள், மறுபடி ஏறுவாள். சர்க்கரை வியாதியோ என்று பயந்தேன். நான் இழுத்த ஓரம் கோணலாக இருக்கிறது என்று ஒரு நாள் அழுதாள். என் ஓரம் எப்போதும் கோணல்தான். அதற்குத் திட்டு வாங்கியிருக்கிறேனே தவிர, அழுது பார்த்ததில்லை.

மாடி வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய், "பிள்ளைக்குப் பெயிண்ட் ஒத்துக்கலைங்க, வேற வேலைக்கு அனுப்பலாம்னு இருக்கேன்" என்றேன். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்களும் ஒரு பொண்ணைப் பெத்தவருதானே? நாள் தள்ளிப்போயிருக்கான்னு கேளுங்க!" என்றார். நான் எப்படிக் கேட்பேன்? அவரே கேட்டார். அவரே மருந்துக் கடையில் சோதனைப் பட்டையும் வாங்கி வந்தார். இரண்டு கோடு விழுந்தது. உங்கள் அத்தை உயிரோடு இருந்திருந்தால் முதல் வாளியிலேயே கண்டுபிடித்திருப்பாள்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைப் பார்த்தோம். நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றேன். "கூட இருக்கப்போறது நீங்கதானே? உள்ள வாங்க. காது கேக்கும்ல?" என்று உட்கார வைத்துவிட்டார். குமட்டல், அசதி, மார்பு கனப்பது, அடிக்கடி ஒன்றுக்குப் போவது, காரணமில்லாமல் அழுகை எல்லாம் வருவதுதானாம். அடிவயிற்றில் லேசாக இழுத்துப் பிடித்து விட்டுவிட்டுப் போகிற வலிகூடப் பலபேருக்கு இருக்குமாம். ஆனால் விடாத வலி, ஒரே பக்கத்து வலி, ரத்தம் படுவது, மயக்கம், காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்காத வாந்தி, இதில் எது வந்தாலும் ஸ்கேனுக்குக் கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டதைப் பார்த்து மேஸ்திரிக்குச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் இப்படி ஆட்டியிருந்தால் நானும் ஒரு ஆபீசராகியிருப்பேன்.

இனி அவளுக்குச் சாரம் கிடையாது, ஏணி கிடையாது. கீழே உட்கார்ந்து ஜன்னல் சட்டம் அடிக்கலாம், அதுவும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒரு ரகசியம்: போன வேலையில் இளமஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பா மீந்தது. நம் சின்ன அறையில் என் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தொட்டில் அந்த அறையில்தான். இப்போதே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

கல் விழுகிற இடத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். இப்போது அந்தத் தலைக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மேஸ்திரி நன்றாக இருக்கிறாள். கண் விழித்துவிட்டாள், பேசுகிறாள், நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைச் சொல்லித் திட்டியும் விட்டாள். இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே போங்கள்.

உங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்து, ஆபரேஷன் முடிந்தது, ஆபத்து இல்லை, கடிதம் வருகிறது என்று மட்டும் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொன்னேன். மீதியை முகம் தெரியாத ஒருத்தர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது.

மீதி இதுதான். குழந்தை இல்லை. கரு கருப்பைக்குப் போய்ச் சேராமல் வழியில் கருக்குழாயிலேயே தங்கிவிட்டது. அங்கே அது வளரவும் முடியாது, அதை எடுத்து உள்ளே வைக்கவும் முடியாது. குழாய் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துவிட்டது. அந்தப் பக்கத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். இதை எப்படி எழுதுவது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் டாக்டர் எனக்குச் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. நான் சாரத்தின் மேல் சீலிங்குக்கு இரண்டாவது கோட்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கீழே ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னல் சட்டம் அடித்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே முகம் வெளுத்திருந்தது. கேட்டதற்கு, "வாந்திதான்பா, புதுசா என்ன" என்றாள். மத்தியானம் தரைத்துணியில் சாய்ந்தவள் சாய்ந்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்து, தோள் வலிக்கிறது என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீலிங் அடிக்கிறவன் வீட்டில் தோள் வலி என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? என் சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, தைலம் இருக்கும். இறங்கி வந்து, "வா, நம்ம கம்பெனி முத்திரை குத்திவிடுறேன்" என்று தேய்த்துவிட்டேன். வலது தோளின் நுனியில்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை நின்றுவிட்டது. மேஸ்திரி இடது கைக்காரி. ரோலர் பிடிப்பதும் வாளி தூக்குவதும் அந்தக் கைதான். வலிப்பதானால் அந்தத் தோள்தானே வலிக்க வேண்டும்? அதுவும் நர்ஸம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவள் கையைத் தலைக்கு மேலே தூக்கவே இல்லை. எங்கள் தோள் வலி கையைத் தூக்கினால் வரும், படுத்தால் அடங்கும். இவளுக்குப் படுத்தால் வருகிறது. அது என்ன வலி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வலி இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"வேற எங்க வலிக்குது?" என்று கேட்டேன். "எங்கயும் இல்லப்பா" என்றாள். "அப்பாவுக்குச் சொல்ற பதிலைச் சொல்லாத. மேஸ்திரியா நின்னு சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றொன்றாக வெளியே வந்தது. முந்தின நாளிலிருந்தே அடிவயிற்றில் இடது பக்கம் மட்டும் குத்துகிறதாம். காலையிலிருந்து விடவே இல்லையாம். பழுப்பாகக் கொஞ்சம் ரத்தக் கறையாம். எழுந்து நின்றால் கண்ணை இருட்டுகிறதாம். "ஸ்கேனுக்குத்தான் போகப்போறோமே, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

கிளம்பு என்றேன். அப்போதும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அண்ணாந்து சீலிங்கைப் பார்த்து, "அந்தப் பாதியை முடிச்சிட்டு வாப்பா. காஞ்சிட்டா கோடு தெரியும்" என்றாள். உண்மைதான். ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த பட்டையை இழுக்க வேண்டும், நடுவில் விட்டால் சேர்ந்த இடம் காட்டிக்கொடுக்கும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். "தெரிஞ்சுட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு, ரோலரைக் கழுவாமல் வாளியிலேயே போட்டுவிட்டு அவளைக் கைத்தாங்கலாக வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் புலம்பல். "வாயுவா இருக்கும்பா. அங்க போய் நின்னா சிரிப்பாங்க." "சிரிக்கட்டும். இந்த ஊர்ல என்னைப் பார்த்துச் சிரிக்காதவங்க யாரு பாக்கி?" என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் வண்டியை வேகமாக ஓட்டத் தொடங்கினேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிறவர் என் தலையிலிருந்து கால் வரை வெள்ளைப் பெயிண்டைப் பார்த்துவிட்டு, "மேல இருந்து விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். எனக்கில்லை, என் பொண்ணுக்கு என்றேன். உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார். நான் உட்காரவில்லை. நர்ஸம்மா சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்தேன்: "கர்ப்பமா இருக்கா, ஒரு பக்கமா விடாம வயித்து வலி, ரத்தக் கறை, தலைசுத்து, படுத்தா தோள் வலிக்குது." தோள் என்ற வார்த்தை வந்ததும் பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் எழுந்துவிட்டார். "நீங்க நடக்காதீங்கம்மா" என்று தள்ளுவண்டியை அவரே இழுத்து வந்தார். அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன். அந்த நர்ஸ் வாழ்க.

பிறகு டாக்டரம்மா வந்து விளக்கினார். தோளில் ஒன்றுமே இல்லையாம். உள்ளே கசிகிற ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையைத் தொட்டால், வலி தோள் நுனியில் தெரியுமாம். எனக்கு உடனே புரிந்தது. மாடியில் குழாய் உடைவது ஒரு இடம், சீலிங் ஊறி உப்புவது வேறொரு மூலை. உப்பிய இடத்துக்குப் பெயிண்ட் அடித்து என்ன பிரயோஜனம்? தைலம் தேய்த்த கையை வைத்துக்கொண்டு நான் வேறென்ன சொல்ல? சரியான நேரத்தில் கூட்டி வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. "ஸ்கேன் தேதி வரைக்கும் இருந்திருந்தா..." என்று தொடங்கியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார். மீதியை நானும் கேட்கவில்லை.

கண் விழித்ததும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மா பதில் சொன்னார். இரண்டாவது கேள்வி, உங்களுக்குச் சொல்லியாயிற்றா என்பது. நான் எழுதுகிறேன் என்றேன். "பயப்படற மாதிரி எழுதாதப்பா" என்றாள். அதனால்தான் இப்படி எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாமா

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் ஆறுகிறது. மாடி வீட்டுத் தையல்காரம்மா கீழேயே வந்து தங்கியிருக்கிறார். டாக்டர் போட்ட தையலைப் பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் நம்ம தையல் மாதிரி நெருக்கமா இல்ல" என்று குறை சொன்னார். மேஸ்திரி சிரித்துவிட்டு, சிரித்தால் வலிக்கிறது என்று திட்டினாள். என் தைல வாசனை ஆபரேஷன் அறை வரைக்கும் போய் டாக்டர்களுக்கெல்லாம் கண் எரிந்திருக்கும் என்கிறாள். பகலில் இப்படிக் கேலி செய்கிறாள். சில நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். அப்போது நான் வாளி கழுவப் போய்விடுகிறேன். எத்தனை தரம்தான் ஒரே வாளியைக் கழுவுவது?

இப்போது ஒரு விஷயத்தை நேராகச் சொல்கிறேன். உங்கள் அம்மா போன் செய்தார்கள். கவலையில்தான் பேசினார்கள். ஆனால், "வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு ஏணியும் வாளியுமா அலைஞ்சா வேற என்ன ஆகும்?" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டது. போன் மேஸ்திரியின் கையில் இருந்தது. அவள் அதை என்னிடம் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தையல் காட்டப் போகும் வழியில், "ஏன்பா, தெரியறதுக்கு முன்னாடி நான் சாரத்துல ஏறி இறங்கினதாலயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் சொன்னால் நம்புவாளா? பெயிண்ட் கெட்டுப்போச்சு என்று கடைக்காரரோடு சண்டை போட்டவன்தானே நான்.

அதனால் டாக்டரம்மாவிடமே கேட்டேன், மேஸ்திரி காது பட. "ஏணி ஏறினதாலயா டாக்டர்?" இல்லை என்றார். "பெயிண்ட் வாசனை?" அதுவும் இல்லை. "வாளி தூக்கினதால இருக்குமோ?" என்றேன். "ஐயா, அவங்க செஞ்ச எதனாலயும் இது வரலை. ஓய்வா படுத்தே இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்" என்றார். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்றேன். என் காதுக்கு ஒன்றும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்தம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு மேஸ்திரியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தப்பு இல்லம்மா" என்றார். மேஸ்திரி அழுதாள். நான் சுவரைப் பார்த்தேன். நல்ல சுவர், ஆனால் பட்டி சரியாகத் தேய்க்கவில்லை.

சம்பந்தியம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும்தான் பேரப்பிள்ளை போயிற்று. ஆனால் டாக்டர் சொன்னதை அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும், உங்கள் வாயால். நான் சொன்னால் பெண்ணைப் பெற்றவன் சப்பைக்கட்டு கட்டுகிறான் என்று போய்விடும். அந்தப் பேச்சு இந்த வீட்டு வாசலை இன்னொரு முறை தாண்டி வர நான் விடப்போவதில்லை. உங்களிடம் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழாய் நன்றாக இருக்கிறதாம். உடம்பும் மனசும் தேறட்டும், அவசரம் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அடுத்த முறை நாள் தள்ளினதுமே சொல்லிவிட வேண்டும், சீக்கிரமே ஸ்கேன் எடுத்துக் கரு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். ஒருமுறை இப்படி ஆனவர்களுக்கு அது கட்டாயமாம். தையல்காரம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் அவருக்குத்தானே எல்லாம் தெரியவரும்!

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சீலிங்கின் நடுவில் கோடு பளிச்சென்று தெரிகிறது, வகிடு எடுத்தது போல. என் தொழிலில் இவ்வளவு அசிங்கமான ஒரு கோட்டை நான் விட்டதில்லை. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். தலைமை ஆசிரியரிடம் விவரத்தைச் சொல்லி, நாளைக்கே முழுசாக அடித்துவிடுகிறேன் என்றேன். வீட்டில் வந்து சொன்னால் மேஸ்திரி படுக்கையிலிருந்தே உத்தரவு போட்டுவிட்டாள்: "அதை நீ தொடாத. டாக்டர் ஏறலாம்னு சொன்னதும் நானே வந்து முடிக்கிறேன்." அதைக் கேட்ட தலைமை ஆசிரியர், அந்தப் பொண்ணு வரும் வரை கோடு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

சின்ன அறையில் இருந்த இளமஞ்சள் டப்பாவை அவள் கண்ணில் படும் முன் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் பிடித்துவிட்டாள். என்ன நிறம், எதற்கு என்று கேட்கவே இல்லை. மூடியைத் தட்டிப் பார்த்தாள். "சரியாவே மூடலப்பா. நல்லா அழுத்திட்டுக் கவுத்து வை. காத்துப் போகாது, ரொம்ப நாள் இருக்கும்" என்றாள். அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. லீவு கேட்டு வாருங்கள். அவள் உங்களைக் கூப்பிடமாட்டாள். அவர் வேலை முக்கியம் என்றுதான் எழுதியிருப்பாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லியே பழகியவள். எழுதிக் கேட்டுவிட்டு வருவோம் என்று இருக்காதீர்கள். வந்துவிட்டுக் கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்க்கிறவள் நிமிர்கிற வரைக்கும் பொறுமையாக.

இந்தக் கடிதம் கொண்டுவருகிற உங்கள் கம்பெனி லாரி திரும்பி வரும்போது முன் இருக்கை காலியாகத்தான் வருமாம். டிரைவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு பேரும்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
மாமா